மண்டபம் கடற்கரைப் பாறைக் குழிகளில் கிடப்பது செத்த கடல் அட்டை அல்ல

"கடல்நீர் உள்வாங்கி வற்றம் விட்டதும் பாறைக் குழியில் அசையாமல் கிடக்கும் கடல் அட்டை (வெள்ளரிக்காய் வடிவக் கடலுயிர்) செத்ததுதான், எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அது உயிரோடுதான் கிடக்கிறது. பொறுமையாகக் குனிந்து பாருங்கள், பின்பக்கத் துளை மெல்லத் திறந்து மூடும். மூச்சே அந்த வழியாகத்தான்! மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைச் செரித்துவிட்டு, மிச்சத்தைச் சுருள் சுருளாக வெளியேற்றும். சீண்டினால் சில இனங்கள் வெள்ளை நூலைப் பீய்ச்சும், விரலில் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டு லேசில் போகாது.

அப்புறம், செத்ததாகவே இருந்தாலும் எடுக்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டைகள் 2001இல் சேர்க்கப்பட்டன. காய்ந்ததைப் பையில் வைத்திருந்தாலும் வழக்குதான். ராமநாதபுரம் கடற்கரையில் இதற்காகச் சிக்கியவர்கள் ஏராளம். சரி, பார்க்க ஆசையா? தண்ணீருக்குள் இருக்கும்போதே படம் எடுங்கள். புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள், அடியில் நண்டுக்குஞ்சு இருக்கும்.