அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்

சனிக்கிழமை நிகழ்ச்சி வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லிங்க் போட மாட்டேன், என்னால் அதற்கு இன்னும் நாலு வியூ கூட வேண்டாம். தொகுப்பாளர் கேள்வி கேட்டார். அந்தப் பெண் யோசித்தார். நாலைந்து விநாடி இருக்குமா? அதற்குள் மைக்கில், "என்னம்மா, நெட்வொர்க் போயிடுச்சா?" அரங்கமே சிரித்தது. அப்புறம் அவர் சொன்ன பதில் யாருக்காவது நினைவிருக்கிறதா? நல்ல பதில்தான் சொன்னார்.

ஜோக்கை ஜோக்காகப் பார்க்கணுமாம். பார்த்தேன். ஒருவர் பேசாமல் இருப்பதற்கு அர்த்தம் சொல்லும் உரிமை மைக் வைத்திருப்பவருக்கு எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

அரிசோனாவில் வாழும் மேற்கு அப்பாச்சி மக்களின் மௌனத்தைப் பற்றி கீத் பாஸோ என்ற மானுடவியலாளர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே முன்பின் தெரியாதவரிடம் சட்டென்று பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். விடுதிப் பள்ளியிலிருந்து பிள்ளை ஊர் திரும்பினால் பெற்றவர்கள்கூட உடனே கேள்விகளால் துளைப்பதில்லை. போன பிள்ளை எப்படி மாறி வந்திருக்கிறது என்று தெரியும்வரை பொறுத்திருப்பார்கள். நம் தொகுப்பாளர் அங்கே போயிருந்தால் ஊருக்கே நெட்வொர்க் இல்லை என்றிருப்பார்.

ஆஸ்திரேலியாவில் இது சிரிப்போடு முடிகிற விஷயம் இல்லை. கேள்விக்குப் பின் சற்று அமைதி காப்பது அங்குள்ள பழங்குடி மக்கள் பலருக்கு இயல்பு. கோர்ட்டில் அதையே 'எதையோ மறைக்கிறார்' என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தைப் பற்றி டயானா ஈட்ஸ் என்ற மொழியியலாளர் நிறைய எழுதியிருக்கிறார். அர்த்தம் சொல்பவர் அங்கே வக்கீல், இங்கே தொகுப்பாளர்.

"மௌனத்துக்கு மதிப்பு வேணும்னா ஜப்பானுக்குப் போகச் சொல்லுங்க" என்று ஒருவர் கமென்ட் போட்டிருக்கிறார். ஐயா, 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. அதில் ஆமாம்-இல்லை கேள்விகளுக்குச் சராசரியாக மிக வேகமாகப் பதில் சொன்னவர்கள் ஜப்பானியர்கள். மெதுவாகச் சொன்னவர்கள் டென்மார்க்காரர்கள். வித்தியாசம் அரை விநாடிகூட இல்லை. போகிற போக்கில் ஒரு நாட்டுக்கே முத்திரை குத்தாதீர்கள்.

"நேரம் முக்கியம் இல்லையா?" முக்கியம்தான். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி முடித்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம், வாருங்கள்.

"பெண் என்பதால் கொடி பிடிக்கிறீர்கள்." ஆமாம், பிடிக்கிறேன். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, காபி கொடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். "பொண்ணு ஒண்ணும் சொல்லல, அப்ப சம்மதம்தான்" என்றார் பெரியப்பா. முந்தின ராத்திரி அடுக்களையில் அம்மாவிடம் "வேண்டாம்மா" என்று அவள் சொன்னது எந்தக் கணக்கிலும் வரவில்லை. சம்மதம் என்றால் சொல்லாலோ சைகையாலோ தெளிவாகத் தெரிவித்ததாக இருக்க வேண்டும் என்று பாலியல் வன்முறைச் சட்டத்தில் எழுதிச் சேர்க்கவே இந்த நாட்டுக்கு 2013 வரை ஆயிற்று.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். எனக்கு இருக்கிறது. அதே வீட்டில் பாகப்பிரிவினை சமயத்தில் சித்தப்பா மாதக்கணக்கில் யாரிடமும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று ஒருத்தரும் எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவை அனுப்பினார்கள், ஊர்ப் பெரியவரை அனுப்பினார்கள், கடைசியில் பெரியப்பாவே போய்த் திண்ணையில் உட்கார்ந்து "உன் மனசுல என்னதான்டா இருக்கு, சொல்லு" என்று கேட்டார்.