பதினெட்டு வயசுக்குள்ள கல்லெறிந்தால் கேஸ் இல்லையா?

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஆடியோ சுற்றுகிறது: "பதினெட்டு வயசுக்குள்ள பசங்க ரயில் மேல கல்லெறிஞ்சா அது குறும்பு, போலீஸ் கேஸே போட முடியாது." இது தவறு.

வயது விலக்கு இருக்கிறதுதான். ஆனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-வது பிரிவு ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டுமே முழு விலக்கு தருகிறது. ஏழுக்கு மேல், பன்னிரண்டுக்குள் என்றால், செய்வதன் விளைவு புரியாத பிள்ளையாக இருக்க வேண்டும். பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் இந்த விலக்கும் கிடையாது; பதினாலு வயசுப் பையனுக்குப் புரியாது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கல்லும் சாதாரணக் கல் இல்லை, தண்டவாளத்து ஜல்லி, கூரான முனை. எதிரே வரும் கும்மிடிப்பூண்டி வண்டியின் வேகமும் எறிந்த வேகத்தோடு சேர்ந்துகொள்ளும். ஜன்னலோரத்தில் இருப்பவரின் கண் போய்விடும். ஆபத்து என்று தெரிந்தே ரயில் மேல் எறிந்தால், ரயில்வே சட்டம் 1989, பிரிவு 152-இன்படி பத்து ஆண்டு வரை சிறை, ஆயுள் தண்டனையும் உண்டு. அது பெரியவர்களுக்கு. சிறுவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே ஜெயில் கிடையாது, சரி. ஆனால் அறிவுரை, சமூகச் சேவை தொடங்கி சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை வைப்பது வரை உத்தரவு போடலாம். ஆடியோ சொல்லாத இன்னொன்று: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 18-இன்படி அபராதத்தைப் பெற்றோரையே கட்டச் சொல்லவும் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு.