முட்டி வலியா தம்பி?

(நியூயார்க், பிராங்க்ஸ். தெருவை அடைத்து சால்சா பாட்டுக் கச்சேரி, ஆட்டம். எல்லா ஊரிலும் ஆடுகிறவர்களைத் திருத்த ஒருவர் வருவார் அல்லவா, அவர் இங்கும் வந்துவிட்டார்.)

இளைஞர்: கோபித்துக்கொள்ளாதீர்கள் பாட்டி. உங்கள் கால் தப்பாகப் போகிறது.

பாட்டி: எங்கே போகிறது? எனக்குக் கீழேதானே இருக்கிறது.

இளைஞர்: தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒன்றில் காலை முன்னால் வைக்கிறீர்கள். நியூயார்க் பாணியில் இரண்டில்தான் வைக்க வேண்டும். பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து, ஆறு, ஏழு...

பாட்டி: அடடா. முட்டி வலியா தம்பி?

இளைஞர்: என்னது?

பாட்டி: மூன்று அடி வைக்கிறாய், நிற்கிறாய். மறுபடி மூன்று, மறுபடி நிற்கிறாய். என் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறுவது இப்படித்தான். பையில் விக்ஸ் இருக்கிறது, தரட்டுமா?

இளைஞர்: வலி இல்லை பாட்டி, அது இடைவெளி! நான் சால்சா ஆசிரியர். சான்றிதழ் வைத்திருக்கிறேன்.

பாட்டி: முட்டிக்கா?

இளைஞர்: நடனத்துக்கு! நீங்கள் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?

பாட்டி: அடுப்படியில். அத்தை சமைப்பாள், ரேடியோ பாடும், குறுக்கே நின்றால் இடுப்பால் ஒரு இடி இடிப்பாள். அதுதான் முதல் பாடம்.

இளைஞர்: எண்ணவே மாட்டீர்களா?

பாட்டி: எண்ணுவோமே, சம்பள நாளில்.

இளைஞர்: மரபு என்று ஒன்று இருக்கிறதே. அந்தக் காலத்துப் பலேடியம் நடன அரங்கத்தில், சால்சாவுக்கு முன்னோடியான மாம்போ ஆடினவர்கள் எல்லாம்...

பாட்டி: என் அத்தை அங்கே ஆடினவள்தான். பிராட்வேயில், 53-ஆம் தெரு. புதன்கிழமை மாம்போ. டீட்டோ புவென்டே டிம்பாலே மேளம் அடிப்பார், இவள் வேர்த்துக் கொட்டி வீட்டுக்கு வருவாள். எந்த எண்ணில் கால் வைப்பாய் என்று வாசலில் யாரும் கேட்டதில்லை. 1966-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

இளைஞர்: அந்த ஆட்டத்தைத்தான் நடன ஆசிரியர் எடி டோரஸ் எண்ணாக்கி...

பாட்டி: அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முதலில் ஆடினார், அப்புறம் சொல்லிக்கொடுக்க வசதியாக எண் போட்டார். நீ எண்ணை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தேடுகிறாய். பார், மறுபடி நின்றுவிட்டாய். விக்ஸ்?

இளைஞர்: வேண்டாம்! சரி, சால்சா யாருடையது? கியூபாவுடையதுதான், உங்கள் போர்ட்டோ ரிக்கோவுடையது இல்லை என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

பாட்டி: சால்சாவுக்கு வேரான சோன் இசை கிழக்குக் கியூபாவில் பிறந்தது, யார் இல்லை என்றது? அதில் காங்கா மேளமும் பியானோவும் கூடுதல் டிரம்பெட்டும் சேர்த்துக் கனமாக்கியவர் அர்செனியோ ரொட்ரிகஸ், கண் தெரியாத மேதை. பிறகு அமெரிக்கா கியூபாவோடு வியாபாரத்தை நிறுத்தியது. அங்கிருந்து இசைத்தட்டு வருவதும் நின்றது. இங்கே இருந்தவர்கள் தாங்களே வாசித்துக்கொண்டார்கள். 1964-இல் ஃபானியா இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கிய ஜானி பச்சேகோ டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். கூட்டாளி ஜெர்ரி மசூச்சி இத்தாலிய வம்சத்து வக்கீல், அதற்கு முன்னால் போலீஸ்காரர். கார் டிக்கியில் தட்டுகளை அடுக்கிக் கடை கடையாகப் போட்டார்கள். பியானோ லாரி ஹார்லோ யூதர். பாடகி செலியா குரூஸ் கியூபாவின் ஹவானாக்காரி. டிராம்போன் வில்லி கோலோன் இந்த பிராங்க்ஸ் பையன். நீயே பங்கு பிரித்துக்கொள்.

இளைஞர்: குறிப்பெடுத்துக்கொள்ளலாமா?

பாட்டி: எடுத்துக்கொள். 1973, இதே பிராங்க்ஸில் யாங்கீ ஸ்டேடியம், ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் கச்சேரி. காங்கா சூடு பிடித்ததும் கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் பாய்ந்தது. கச்சேரியே நின்றுபோனது. நானும் வேலி தாண்டினவள்தான்.

இளைஞர்: நீங்களா!

பாட்டி: எதில் தாண்டியிருக்க வேண்டும்? ஒன்றிலா, இரண்டிலா?

இளைஞர்: அது... வந்து...

பாட்டி: அந்த வருஷங்களில் இந்தப் பக்கம் வீடு வீடாக எரிந்தது. நகராட்சி தீயணைப்பு நிலையங்களை மூடியது. அப்போது எங்கள் காலைத் திருத்த ஒருத்தரும் வரவில்லை. இப்போது வீட்டு ஓனர் வாடகையை ஏற்றுகிறார், கூடவே பாணி தப்பு என்று சொல்ல ஆளும் வந்துவிட்டது.

இளைஞர்: நான் மரியாதையாகத்தான் சொன்னேன் பாட்டி. எனக்கும் தாளம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சால்சாவின் அடித்தாளமான கிளாவே கேட்டால் கை தானாகத் தட்டும்.

(தட்டினார். கிளாவேக்கு எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்தே அடி: மூன்றும் இரண்டும், அல்லது இரண்டும் மூன்றும். இவர் எட்டுக்கும் தட்டினார்.)

பாட்டி: கையிலும் வலியா?

இளைஞர்: ...

பாட்டி: சரி, அதோ மெக்கானிக் கூப்பிடுகிறார், போய் ஒரு சுற்று ஆடிவிட்டு வருகிறேன். இந்தப் பையைப் பிடி.

இளைஞர்: விக்ஸ் இதில்தானே இருக்கிறது?

பாட்டி: இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்துக்கொள். வாடகைப் பணமும் இருக்கிறது. அதை மட்டும் எண்ணாதே.