அரக்கு கேட்டால் பீட்ரூட் வருகிறது

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். பில் கவுன்டரில் இருக்கும் பழைய லினக்ஸ் பெட்டிக்கு ஸ்கிரீன் செய்து கொடுத்தது நான், வெப்சைட்டும் நான்தான். இரண்டிலும் தலைப்புப் பட்டைக்கு 'மெரூன்' என்று ஒரே சொல்லைத்தான் எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் பிதுங்கும் நேரத்தில் கடை முதலாளி அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, அரக்குன்னுதானே சொன்னேன்? கவுன்டர்ல என்ன பீட்ரூட் பொரியல் மாதிரி தெரியுது?"

போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னது சரி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு கொடுத்தால் நிறம்; எண் ஏற ஏற வெளுப்பு. பிரவுசருக்கு மெரூன் என்றால் 128, 0, 0. லினக்ஸ் பெட்டியில் திரையை வரைந்து காட்டும் எக்ஸ் விண்டோவுக்கு 176, 48, 96. 1984-ல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ், தனக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறது. பிரவுசர்க்காரர்கள் அதிலிருந்து பெயர்களை அள்ளிக்கொண்டார்கள். ஆனால் வெப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் ஏற்கெனவே இருந்த 16 பெயர்களை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டார்கள். மெரூன், பர்ப்பிள், கிரீன், கிரே நான்கும் எக்ஸ் பட்டியலோடு முட்டிக்கொண்டன. அதனால்தான் பிரவுசரில் 'டார்க் கிரே' மூன்றிலும் 169, வெறும் 'கிரே' மூன்றிலும் 128. அதாவது டார்க் என்று பேர் வைத்தது வெளுப்பாக இருக்கிறது! இதைப் பார்த்து ஒருத்தருக்குமா உறுத்தவில்லை?

அந்தக் கடையில் "வாடாமல்லி எடுடா" என்று கத்தினால் எந்தப் பையனும் வாடாமல்லியைத்தான் எடுத்து வருகிறான்.

சரி, பெயரே வேண்டாம், எண் போடலாம் என்று போனால் அங்கேயும் வம்பு. இந்த எண்களைப் பதினாறின் கணக்கில் எழுதுவார்கள், அதில் எஃப்தான் உச்ச இலக்கம். ஹேஷ் (#) போட்டு மூன்று எஃப் எழுதினால், பிரவுசர் ஒவ்வொன்றையும் இரட்டித்துப் பளிச்சென்ற வெள்ளை தரும். எக்ஸ் பக்கம் நிறத்தைப் படிக்கும் எக்ஸ்லிப் இரட்டிக்காது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று சைபர் ஒட்டும். 255 வர வேண்டிய இடத்தில் 240. நாலு முறை துவைத்த வேட்டி நிறம். விண்டோஸ் கதை வேறு: அது நிறத்தைக் குறிக்கும் கலர்ரெஃப் எண்ணில் நீலம் முன்னால், சிவப்பு கடைசியில். எட்டு இலக்கம் எழுதினாலோ, ஒளிபுகும் அளவை, ஸ்கிரீன் செய்ய உதவும் க்யூட்டி முதலில் தேடும், பிரவுசர் கடைசியில் தேடும். ஆளாளுக்கு ஒரு நாட்டாமை!

கடைசியில் 128, 0, 0-ஐயே #800000 என்று ஆறு இலக்கமாகப் போட்டேன். இரண்டு பக்கமும் அரக்கு. அண்ணாச்சி ஒரு பட்டுப்புடவை முந்தானையை மானிட்டரில் ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"அரக்கு சரி தம்பி. அந்தப் பச்சை பட்டன் ஏன் சிக்னல் லைட் மாதிரி எரியுது?"

பையைக் கழற்றினேன்.