"உன்ன யாருப்பா மாத்துனாங்க?"

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர். ரசம் வரும்வரை பொறுத்திருந்து கேட்டார்: "உன்ன யாருப்பா மாத்துனாங்க?"

நான் பௌத்தம் தழுவி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வயது 44. 'ஏன் மாறினே' என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசத் தயார். அப்படி யாருமே கேட்பதில்லை. வேலை மாறினால், கட்சி மாறினால், வீடு மாறினால் நானாக மாறியதாகத்தான் ஊர் பேசும். சாமி விஷயத்தில் மட்டும் என்னை யாரோ மாற்றியிருக்க வேண்டும். பணம் கொடுத்தோ, பெண் கொடுத்தோ, மூளைச்சலவை செய்தோ. வளர்ந்த ஆள் ஒருவன் உட்கார்ந்து யோசித்திருப்பான் என்பது மட்டும் எவருக்கும் தோன்றாது.

இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் மராட்டியத்தின் இயோலா ஊரில் அறிவித்தது 1935 அக்டோபர் 13. நாக்பூரில் அவர் தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14. இருபத்தோரு வருஷமும் ஒரு நாளும்! நடுவில் சீக்கியத்தைத் தீவிரமாக யோசித்தார். இலங்கைக்கும் பர்மாவுக்கும் போய் வந்தார். படித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பிக்கு சந்திரமணியிடம் மனைவியோடு சேர்ந்து புத்தம், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணடையும் திரிசரணமும், ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலமும் ஏற்றபோது அவருக்கு 65 வயது. பிறகு திரண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அவரே தீட்சை கொடுத்து 22 உறுதிமொழிகளையும் சொல்லவைத்தார். டிசம்பர் 6ஆம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார். பௌத்தராக எட்டு வாரம்கூட முழுசாக வாழவில்லை. அவரை யார் மாத்துனாங்களாம்?

அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: சலுகைக்காகத்தானே? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, சில சீக்கியச் சாதிகள் தவிர, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் மற்றச் சீக்கியர்களையும் சேர்த்தார்கள். பௌத்தர்களைச் சேர்த்தது 1990இல்தான். ஆக, நாக்பூரில் நின்றவர்கள் அந்தப் பட்டியலில் இருந்த இடத்தை இழந்துதான் பௌத்தரானார்கள். கிறித்தவம் போனவர்களுக்கு இன்றுவரை அந்த இடம் இல்லை. என் சித்தப்பா குடும்பம் அப்படிப் போனது. இங்கே அவர்கள் பிற்படுத்தப்பட்டோர், நான் பட்டியல் சாதி. ஒரே தெரு, ஒரே சுடுகாடு, சான்றிதழ் மட்டும் வேறு.

என் தாத்தாவின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். தமிழ் பௌத்த முன்னோடியான அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கே கிளை இருந்தது. அவர் அந்தப் பக்கம் போனாரா என்று சொல்ல வீட்டில் இப்போது ஆள் இல்லை. அயோத்திதாசரும் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றது 1898இல், ஐம்பது தாண்டிய வயதில். நாம் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். அதன்படி பார்த்தால் நான் மாறவே இல்லை, திரும்பியிருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் மாறினேன். பதினோரு வருஷம் தயங்கி, நானே மாறினேன்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் தத்துவம் இல்லை, அம்மா. 22 உறுதிமொழிகளில் ஒன்று, சிரார்த்தம் செய்ய மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்பது. எங்கள் வீட்டில் ஏது பிண்டம்? அப்பாவுக்கு வருஷா வருஷம் படையல்தான். கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, ஒரு குவார்ட்டர். அம்மா பேச்சைத் தட்டாமல் நான்தான் கற்பூரம் ஏற்றுவேன்.

தீட்சை வாங்கிய முதல் வருஷம் ஏற்ற மாட்டேன் என்றேன். "அப்ப உங்கப்பனுக்கு யாருடா இருக்கா?" என்று அம்மா அழுதாள். வாதாடினேன். அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. புதிதாக ஒன்றை ஏற்றவனுக்கு எல்லோரையும் திருத்திவிடும் வேகம் வருகிறது, அது ஒரு வியாதி. இரண்டாம் வருஷம் படையல் முடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் தங்கை கற்பூரம் ஏற்றினாள். அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். "நீ கும்பிட வேணாம், சாப்பிடு." படையலைப் பார்த்தேன். குழம்பு இருந்தது, சுருட்டு இருந்தது, பாட்டில் மட்டும் இல்லை.

"குடிக்கக் கூடாதுன்னு அஞ்சாவதா என்னமோ சொன்னியே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பா கோவிச்சுக்குவாரு."

கோவித்திருப்பார்தான்.