டயரை முடிவு செய்யாமல் வண்டியைத் தூக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி போட்ட, உயரம் தூக்கிப் பெரிய டயர் மாட்டிய அந்தச் சிவப்பு வி-கிராஸ் (இசுசு பிக்கப்) போட்டோவுக்குக் கீழே நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். "முன்னால் போட்டிருப்பது ஸ்பேசரா, ஸ்பிரிங்கா? வீல் ஆஃப்செட் எவ்வளவு?" இந்த இரண்டு கேள்விதான் கேட்டேன். துண்டு வைத்துத் தூக்கியதா, ஸ்பிரிங்கையே மாற்றியதா, சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். "பொறாமை", "அங்கிளுக்கு வயசாயிடுச்சு", "ஆர்டிஓ ஏஜென்ட்" என்று வரிசையாக வந்து விழுந்தது. சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என்னிடம் போன் செய்து டயர் யோசனை கேட்டவர்களும் இருந்தார்கள். அதுதான் வலித்தது. சரி, அங்கே நீளமாக எழுத முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். வண்டி எந்தப் பாதையில், எவ்வளவு சுமையோடு போகப் போகிறது என்று முதலில் பாருங்கள். அதற்கேற்ற டயர். அந்த டயருக்கேற்ற வீல். டயர் எங்கும் உரசாமல் சுற்றவும், சுமை ஏறினால் பின்பக்கம் அமுங்காமல் இருக்கவும் எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவுதான் லிஃப்ட். இங்கே நடப்பது தலைகீழ். முதலில் மூன்று இன்ச் தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் வீல் வளைவுக்குள் காலியாகத் தெரிகிறதே என்று பெரிய டயர். அது உள்ளே உரசுகிறதே என்று வெளியே தள்ளி நிற்கும் வீல்.

மூன்று இன்ச் தூக்கினால் தரையிலிருந்து எல்லாமே மூன்று இன்ச் உயரும் என்று நினைக்கிறார்கள். பிக்கப்பில் பின் ஆக்சில் உயரவே உயராது. பாடியும் சேசிஸும்தான் உயரும். கல்லில் முதலில் இடிக்கும், ஆக்சில் நடுவில் இருக்கும் அந்த டிஃபரன்ஷியல் (கியர்) உருண்டை பழைய உயரத்திலேயே நிற்கும். அதை உயர்த்த டயரால் மட்டும்தான் முடியும், அதுவும் விட்டம் கூடியதில் பாதி அளவுக்கு. கம்பெனி போட்டுத் தரும் 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மில்லிமீட்டர். அந்தப் போட்டோவில் இருந்த 285/70 ஆர்17 சுமார் 831. டிஃபரன்ஷியலுக்குக் கிடைத்தது 34 மில்லிமீட்டர். பதிலுக்கு ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 109-ஐ ஒட்டிப் போகும். பிரேக் அதே பழைய பிரேக், நிறுத்த வேண்டிய டயர் பெரியது, கனமானது.

முன்பக்கம் இன்னும் மோசம். வி-கிராஸோ ஹைலக்ஸோ, முன்னால் இரண்டு பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டுக்கு மேலே ஸ்பேசர் என்று ஒரு அலுமினியத் துண்டைச் சொருகித் தூக்கினால், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் அளவுக்கு மேல் சாய்கிறது. அதன் முனையில் இருக்கும் மூட்டான சிவி ஜாயிண்ட் அந்தக் கோணத்திலேயே எப்போதும் சுற்றினால் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் போகும், மண் ஏறும். முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான கேஸ்டர் குறைந்து, ஒடித்த ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்ப மறுக்கும். மூன்று இன்ச் என்றால் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அப்பர் ஆர்மையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு பெரிய ஊர்க் கடையில் "கம்ப்ளீட் லிஃப்ட் கிட்" என்று என்னிடம் விலை சொன்னார்கள். பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்றேன். உள்ளே முன்னால் வைக்க இரண்டு ஸ்பேசர், பின்னால் வைக்க இரண்டு பிளாக், அதை இறுக்க நீளமான யூ போல்ட். ஸ்பிரிங் எங்கே, ஷாக் எங்கே என்று கேட்டதும் கடைக்காரர் முகமே மாறிவிட்டது. "வாங்குறதுன்னா வாங்குங்க சார்" என்றார். திரும்பி வந்துவிட்டேன். அங்கேயும் கேள்வி கேட்டதுதான் குற்றம்.

அப்புறம் ஆஃப்செட். பிளஸ் 30 வீலைக் கழற்றிவிட்டு மைனஸ் 12 போட்டால், ஒவ்வொரு சக்கரமும் 42 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். நீளமான ஸ்பேனரில் தொங்குவது போல வீல் பேரிங்கில் அத்தனை பாரமும் ஏறும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் பம்பர் ஓரத்தில் உரசும்.

என் வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: 18 இன்ச் வீலைக் கழற்றி 17 போட்டேன், டயர் 255/65. மொத்த விட்டம் அதே 763. ரப்பர் பக்கச்சுவர் மட்டும் கூடுதல், கல் பாதையில் அதுதான் காப்பாற்றும். ஆஃப்செட் கம்பெனி கொடுத்ததை ஒட்டியே. முன்னால் முழு ஸ்பிரிங், ஷாக், 40 மில்லிமீட்டர் உயரம். பின்னால் உர மூட்டை ஏற்றினால் அமுங்காத லீஃப் (பட்டை ஸ்பிரிங்) செட். போட்டோவில் இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"என் காசு, என் வண்டி" என்கிறீர்கள். காசு உங்களுடையதுதான், ரோடு எல்லோருடையது. "வெளிநாட்டில் எல்லாம் போடுகிறார்களே" என்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் பல மாநிலங்களில் சஸ்பென்ஷனை 50 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தினால் இன்ஜினியர் சான்று வேண்டும். அமெரிக்காவில் முன்பக்கத்தை மட்டும் தூக்கி ஓட்டும் வழக்கத்தை வட கரோலைனா 2021 டிசம்பரிலிருந்து தடை செய்துவிட்டது. அந்த ஊர்ப் படங்கள் மட்டும் இங்கே வருகின்றன, சட்டம் வருவதில்லை.

"சட்டப்படி உங்களுடைய 40 மில்லிமீட்டரும் தப்புதானே" என்று ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். வண்டியின் கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அதைப் பற்றி 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, எல்லாம் படித்திருக்கிறேன். அதிகாரி நிறுத்திக் கேட்டால் நின்று பதில் சொல்வேன். ஆனால் சுமைக்காக மாற்றிய ஸ்பிரிங்கையும் பார்வைக்காக வெளியே தள்ளிய வீலையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன்.

தாண்டிக்குடி மலைப்பாதையில் காபி எடுக்கும் பெண்கள் காலையில் ஓரமாக நடந்து வருவார்கள். வளைவில் எதிரே பஸ் வந்தால் அவர்கள் நிற்க இருப்பது அரை அடி மண்தான். அங்கே ஒரு வண்டியின் சக்கரம் வெளியே தள்ளி நின்றால், பெரிய டயரால் பிரேக் நான்கு அடி தள்ளிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை மனதில் வைத்துத்தான் ஆஃப்செட் எவ்வளவு என்று கேட்டேன். அதற்குப் பெயர் பொறாமையா? இருபது வயதில் இருக்கும் ஒரு பையனிடம் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? அவன் அம்மாவையும் அந்த வண்டியில்தானே கோயிலுக்கு அழைத்துப் போகிறான்?

தம்பி, உன்மேல் கோபம் இல்லை. வத்தலக்குண்டு பக்கம் வந்தால் போன் செய். என் வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள், உன் வண்டியையும் சேர்ந்து பார்ப்போம். அதற்கு முன் அலைன்மென்ட் எடுத்து அந்தத் தாளை எனக்கு அனுப்பு. சிரித்த மற்றவர்களுக்கு, அடுத்த முறை டயர் யோசனைக்கு வேறு யாரையாவது கேளுங்கள்.