வீதிக்குக் கேட்காத லாபக் கணக்கு பஸ்ஸுக்கு மட்டும் ஏன்?

இ.போ.ச., அதாவது இலங்கை போக்குவரத்துச் சபை, நட்டத்தில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறோம். ஏ9 வீதி போன வருடம் எவ்வளவு உழைத்தது என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் திரும்பி வந்தபோதும், தண்டவாளம் போட்ட கடனை ரிக்கற் காசிலேயே கட்டி முடியுங்கோ என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒரு பாதை, அதாவது ஆள் ஏற்றும் மிதவை, ஓட்டுகிறதே, அதை என்ன லாபத்துக்கா ஓட்டுகிறார்கள்? குறுக்கே கடல் கிடக்கிறது, சனம் கடக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதே சனம் கரையில் இறங்கி ஏறுகிற பஸ் மட்டும் தன் சாப்பாட்டைத் தானே தேட வேண்டுமாம்.

பகலில் நமக்குப் பஸ் பஞ்சம் இல்லை. பருத்தித்துறைக்கு ஓடும் 750ஆம் இலக்க பஸ் ஒன்றின் பின்னால் ஒன்றாக வரும். பொழுதுபட்ட பிறகு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். புடைவைக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு சீற்றில் காலை நீட்டியிருப்பார்கள். மினிபஸ் உறுமிக்கொண்டு நிற்கும். “வெளிக்கிடப் போகுது, ஏறுங்கோ ஏறுங்கோ” என்பார் கொண்டக்டர். வெளிக்கிடாது. வீட்டிலிருந்து அம்மா மூன்றாம் தரம் போன் எடுப்பார்.

கொண்டக்டரைத் திட்டி ஒரு பயனும் இல்லை. அன்றைய கலெக்‌ஷனில் டீசல் போய், முதலாளிக்குரியது போய், மிஞ்சுவதைத்தான் அவரும் சாரதியும் பிரிக்கிறார்கள். அதனால்தான் டவுனுக்குள் ஆள் பொறுக்கி ஊர்ந்துவிட்டு, பின்னால் அடுத்த பஸ்ஸைக் கண்டதும் வல்லை வெளியில் பறக்கிறார்கள். நாலு பேருக்காக இரவு எட்டு மணிக்கு ஓடினால் அவருக்குக் கைக்காசுதான் போகும். பஸ் தனியார் கையில் இருந்த காலத்தில் நாடு முழுக்க இதே போட்டிதான். 1958இல் எல்லாவற்றையும் அரசு எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையை உண்டாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். காசு வருகிற ரூட் காசு வராத ரூட்டைத் தூக்கிப் பிடிக்கும் என்பது அன்றைய எண்ணம். இன்று காசு வருகிற ரூட்டில் பாதிக்கு மேல் மினிபஸ். பிறகு எதைக் கொண்டு எதைத் தூக்குவது?

அந்தத் தூக்க முடியாத பக்கத்தில்தான் வடமராட்சி கிழக்கின் மருதங்கேணிச் சனம் இருக்கிறது, தீவுப்பகுதிச் சனம் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்கு வருகிற ஒரு வயதானவரை நினையுங்கள். கடல் பெருத்தால் படகு பிந்தும். பிந்தினால் குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் காத்து நிற்க வேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்கு யார் காசு கொடுப்பது? யாரும் கொடுப்பதில்லை. ஆகவே பஸ் போய்விடும். அவர் ஓட்டோ பிடிக்க வேண்டும், அந்தக் காசில் மருந்தே வாங்கலாம்.

நான் கேட்பது இலவச பஸ் அல்ல. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தக் காசை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. நல்ல விஷயம், ஆனால் இங்கே இப்போது அதைவிட அவசரம், பஸ் வருவது. காசு தராத ஓட்டங்களை மக்கள் பணத்தில் விலைக்கு வாங்குங்கள். இரவு ஓட்டம், தீவு ஓட்டம், வடமராட்சி கிழக்கு ஓட்டம். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று இ.போ.ச.வோடோ தனியாரோடோ ஒப்பந்தம் போட்டால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு எடுக்க வேண்டும். எடுக்காத ஓட்டத்துக்குக் காசு இல்லை. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. மாணவர் சீசன் ரிக்கற்றுக்குத் திறைசேரி காசு கொடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ், கிராமங்களுக்கான கெமி செரிய பஸ் எல்லாம் இந்த வகைதான். கொள்கையை எப்போதோ ஒத்துக்கொண்டாயிற்று, அளவில்தான் கஞ்சத்தனம்.

இ.போ.ச.வுக்குக் கொட்டுகிற காசு ஓட்டைப் பானையில் தண்ணீர் என்பார்கள். அதில் உண்மை உண்டு. சீசன் பிள்ளைகள் கை காட்டக் காட்ட நிற்காமல் போன பஸ்ஸை நானும் கண்டிருக்கிறேன். அதனால்தான் வருட முடிவில் நட்டத்தை நிரப்பாதீர்கள், ஓடிய ஓட்டத்துக்குக் கொடுங்கள் என்கிறேன். ஓடியதா என்று பார்க்க ஒரு ஜிபிஎஸ் பெட்டி போதும்.

காசு எங்கே? நாம் வருடா வருடம் கட்டுகிற வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாணத்துக்குத்தான் போகிறது. மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸும் மாகாணத்தின் பொறுப்புத்தான். அந்த வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள்காரன் ஏன் பஸ்ஸுக்குக் கட்ட வேண்டும் என்று கேட்பவருக்கு: 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றதை மறந்துவிட்டீர்களா? தவிர, பஸ் இல்லாத செலவை நாம் ஏற்கெனவே மாதா மாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், மோட்டார் சைக்கிளுக்கென்று லீசிங் கம்பனிக்கு.

2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வருகிறபோது வாசலுக்கு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன். வெறுங்கையோடு கேட்க விருப்பமில்லை. உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, சொன்ன நேரத்துக்கு எடுக்கிறார்களா என்று கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் போடுங்கள்.